விமானத்தின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள்

ஒரு விமான நிறுவனம் எந்த விமானம் வாங்குவது என்று கணக்குப் போடும்போது, முதல் தாளில் எந்த விமானத்தின் பெயரையும் எழுத வேண்டாம். ஊர்களின் பெயர்களை எழுதுங்கள். ஃப்ளீட் பிளானிங் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான். சென்னையில் டிஸ்பாட்ச் அறையில் எரிபொருள் கணக்கும் எடைக் கணக்கும் போட்டு வேலையைத் தொடங்கியவள் நான். எந்த விமானம் வாங்குவது என்று பார்க்கும் பிரிவுக்கு அப்புறம்தான் வந்தேன். அப்படி வந்ததாலோ என்னவோ, 'எது நல்ல விமானம்?' என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வராது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த நேரத்தில், எத்தனை பேரை ஏற்ற வேண்டும் என்று சொன்னால் பதில் சொல்லிவிடுவேன்.

2023 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் இண்டிகோ ஒரே ஒப்பந்தத்தில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டில் ஏர் இந்தியா ஏர்பஸ்ஸிடமும் போயிங்கிடமும் சேர்த்து 470 விமானங்கள் கேட்டது. இவ்வளவு பெரிய முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைச் சிறிய அளவில் யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் பொறுமையும் போதும். சென்னையை மையமாக வைத்து ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அது மதுரை, சேலம், தூத்துக்குடி, டெல்லி, சிங்கப்பூர் ஆகிய ஊர்களுக்குப் பறக்கப்போகிறது.

ஊர்களின் தாள்

ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு வரி. தூரம், ஓடுபாதையின் நீளம், கடல் மட்டத்திலிருந்து உயரம், வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தின் வெப்பநிலை, எதிர்பார்க்கும் பயணிகள், அவர்கள் கொண்டுவரும் சாமான்கள். இதை நிரப்பும்போதே பல விமானங்கள் தாமாகவே விலகிவிடும்.

சேலம் ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர். ஏர்பஸ்ஸின் ஏ320 அளவுள்ள ஜெட் விமானத்தை நிறைய ஆட்களோடும் எரிபொருளோடும் அங்கிருந்து கிளப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால் அங்கே ப்ரொப்பல்லர் வைத்த சிறிய ஏடிஆர் 72 பறக்கிறது. தூத்துக்குடியில் முன்பு 1,350 மீட்டர்தான் இருந்தது. அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்தார்கள். அந்த ஒரு வேலையால் தூத்துக்குடியின் வரியில் எழுதக்கூடிய விமானங்களின் பட்டியலே மாறிவிட்டது. யாழ்ப்பாணம் பலாலிக்குச் சென்னையிலிருந்து ஏடிஆர் போவதற்கும் ஓடுபாதைதான் முக்கியக் காரணம்.

வெயிலையும் உயரத்தையும் சேர்த்தே பாருங்கள். இரண்டாலும் காற்று மெலியும், காற்று மெலிந்தால் இறக்கைக்குத் தாங்கலும் குறையும், என்ஜினுக்கு உந்துவிசையும் குறையும். லடாக்கில் உள்ள லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடுகின்றன. பிற்பகலில் சூடும் காற்றும் ஏறிவிடும். லேவுக்குப் பறக்கத் திட்டமிடும் நிறுவனம், கடலோரச் சென்னையில் ஒரு விமானம் எவ்வளவு தூக்குகிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. விற்பனைக்கு வருகிறவர்கள் காட்டும் படத்தில் பெரும்பாலும் 15 டிகிரி வெப்பமும் கடல் மட்டமும்தான் இருக்கும். டெல்லியின் மே மாத மதியத்துக்கு அதே படத்தை மறுபடி வரைந்து தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள்.

பயணிகளின் எண்ணிக்கையில் சராசரியை நம்பாதீர்கள். சென்னை-மதுரை ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற எண்ணால் பெரிய பயன் இல்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு எத்தனை பேர், செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு எத்தனை பேர், பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாட்களில் எத்தனை பேர் என்று பிரித்து எழுதுங்கள். விமானத்தின் அளவைத் தீர்மானிப்பது ஆள் குறைவான அந்தச் செவ்வாய் மதியம்தான். பொங்கல் கூட்டத்தைப் பார்த்து விமானம் வாங்கினால் மற்ற நாட்களெல்லாம் காலி இருக்கைகளைச் சுமந்துகொண்டு பறக்க வேண்டியிருக்கும்.

ஒரு பயணத்தின் செலவும் ஒரு இருக்கையின் செலவும்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். உலகம் முழுக்க விற்பனைக் கூட்டங்களில் பேசப்படும் எண், ஒரு இருக்கையை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஆகும் செலவு. விமானம் பெரிதாகப் பெரிதாக இந்த எண் பொதுவாகக் குறையும். அதனால் இதை மட்டும் பார்த்தால் எப்போதும் பெரிய விமானமே ஜெயிக்கும். ஒரு தடவை பறக்க மொத்தம் எவ்வளவு ஆகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கிராமத்துக்கு மினி பஸ் விடுவதா பெரிய பஸ் விடுவதா என்று யோசிக்கும் முதலாளிக்கு இந்த இரண்டு எண்களும் இயல்பாகவே தெரியும்.

மதுரையை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சுமார் 420 கிலோமீட்டர். 78 இருக்கை ஏடிஆர் 72-600 இந்தத் தூரத்துக்குத் தோராயமாக 700 கிலோ எரிபொருள் குடிக்கும். ஏ320-இன் புதிய வகையான, 186 இருக்கை உள்ள ஏ320நியோ சுமார் 2,000 கிலோ. இருக்கைக்கு வகுத்தால் ஏடிஆருக்கு 9 கிலோ, நியோவுக்குப் பத்தே முக்கால் கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தச் செவ்வாய் மதியம் 65 பேர்தான் வருகிறார்கள் என்றால்? ஏடிஆரில் ஒரு ஆளுக்கு 11 கிலோவுக்குக் கீழேதான் ஆகிறது. நியோவில் 30 கிலோவைத் தாண்டிவிடுகிறது. நேரத்தில் நியோ மிச்சம் பிடிப்பதும் இந்தத் தூரத்தில் கால் மணி நேரத்துக்குள்தான். ஏடிஆரின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர், நியோவுடையது 830 என்றாலும், ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இரண்டுக்கும் உண்டு. நியோவின் வேகத்துக்கு அர்த்தம் வருவது டெல்லி மாதிரி 1,700 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது.

இந்தியாவில் இதோடு வரியும் சேர்கிறது. 40 டன்னுக்குக் குறைவான எடையுள்ள விமானங்களைக் கால அட்டவணைப்படி இயக்கும் நிறுவனங்களுக்கு, அவற்றில் ஊற்றும் எரிபொருளுக்கு மாநிலங்கள் 5 சதவீதத்துக்கு மேல் விற்பனை வரி போட முடியாது. ஏடிஆரின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை சுமார் 23 டன். நியோவுடையது 79 டன். தமிழ்நாட்டில் விமான எரிபொருள் வரி பல ஆண்டுகளாக 29 சதவீதமாக இருந்து வந்திருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் எரிபொருளுக்கு ஒரு விமானம் 5,000 ரூபாய் வரி கட்டுகிறது, அடுத்தது 29,000 கட்டுகிறது. உள்நாட்டுச் சேவையில் 80 இருக்கைக்குக் குறைவான விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணத்தில் விலக்கும் உண்டு. இந்திய ஏடிஆர்களில் 78 என்ற எண் அடிக்கடி கண்ணில் படுவதற்கு இந்த எல்லைக்கோடும் ஒரு காரணம். வெளிநாட்டு ஆலோசகர்கள் கொண்டுவரும் ஒப்பீட்டுத் தாள்களில் இந்த இரண்டு கணக்குகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே சேர்த்துவிடுங்கள், முடிவே மாறக்கூடும்.

இருக்கை எண்ணிக்கையில் இன்னொரு எல்லைக்கோடு 50. ஐம்பது இருக்கைக்கு ஒரு கேபின் பணியாளர் என்பது பரவலான விதி. 186 இருக்கைக்கு நான்கு பேர் போதும், அதையே நீட்டிய, 232 இருக்கை உள்ள ஏ321நியோவுக்கு ஐந்து பேர் வேண்டும். ஐரோப்பாவின் ரயன்ஏர் நிறுவனம் போயிங்கிடம் கேட்டு வாங்கிய 737 மேக்ஸ் வகையில் 197 இருக்கைகள். இருநூறைத் தாண்டாமல் நின்றதால் நான்கு பேரோடு பறக்கிறது.

இப்போது டெல்லி வழித்தடம். ஏ320நியோவா, ஏ321நியோவா? பெரியதில் 46 இருக்கைகள் கூடுதல், அதாவது 25 சதவீதம். ஒரு பயணத்தின் செலவு 15 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் பெரியதுதான் லாபம். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 186 பேரின் கட்டணம் ஏ320நியோவின் செலவுக்குச் சரியாகப் போதும் என்றால், கூடுதல் 15 சதவீதத்தை ஈடுகட்ட அதே கட்டணத்தில் இன்னும் 28 பேர் வேண்டும். ஆனால் அந்த 28 பேர் அதே கட்டணத்தில் வர மாட்டார்கள். வருகிறவர்களாக இருந்தால் முன்பே டிக்கெட் கிடைக்காமல் திரும்பிப் போயிருப்பார்கள், அந்தக் கணக்கு உங்களிடம் இருக்கும். கட்டணத்தைக் குறைத்துத்தான் அவர்களைக் கூப்பிட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கட்டணத்தில் வந்தால் 42 பேர் தேவை. 46 கூடுதல் இருக்கையில் 42 நிரம்பினால்தான் முதலுக்கு மோசமில்லை! டெல்லி, மும்பை மாதிரி தரையிறங்க நேரம் கிடைக்காத விமான நிலையங்களில் இது நிரம்பும். ஒரு நாளைக்கு இன்னொரு தடவை பறக்க இடம் இல்லாதபோது பெரிய விமானம் தவிர வழி இல்லை. நேரம் தாராளமாகக் கிடைக்கும் ஊருக்கு, சிறியதை இரண்டு தடவை விடுவதே என் விருப்பம். காலையில் போய் மாலையில் திரும்ப நினைக்கும் வியாபாரிக்கு விமானத்தின் அளவைவிட நேரத் தேர்வு முக்கியம், அதற்கு அவர் கூடுதலாகவும் கொடுப்பார்.

தேவைக்கு மேல் தூரம் வாங்காதீர்கள்

அதிகத் தூரம் பறக்கும் திறன் காகிதத்தில் பெருமையாக இருக்கும். அந்தத் திறனுக்காகச் சேர்த்த எடையை ஒவ்வொரு பயணத்திலும் சுமக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் ஏ340-500 விமானத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பக்கத்திலுள்ள நியூவர்க்குக்கு இடைநில்லாமல் பறந்தது. நான்கு என்ஜின், பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். முன்பாதியில், பின்பாதிக்கான எரிபொருளைச் சுமக்கவே நிறைய எரிபொருள் எரிந்தது. பிறகு 100 பிசினஸ் வகுப்பு இருக்கைகள் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை, 2013-இல் நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில் அதே வழித்தடத்தை இரண்டு என்ஜின் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தில், 161 இருக்கைகளோடு மறுபடி தொடங்கினார்கள். தூரம் மாறவில்லை, விமானம் மாறியதால் கணக்கு மாறியது.

ஏர் இந்தியா 2006-இல் போட்ட பெரிய ஆர்டரில் மிக நீண்ட தூரம் பறக்கும் போயிங் 777-200எல்ஆர் எட்டு இருந்தன. அவற்றில் ஐந்தை அபுதாபியின் எதிஹாத் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். நம் கற்பனை நிறுவனத்துக்குச் சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர்தான். நியோவே தாராளமாகப் போகும். அங்கே பார்க்க வேண்டியது சாமான்கள். ஆளுக்கு 30 கிலோ பெட்டியோடு வீடு திரும்பும் குடும்பங்கள் நிறைந்த விமானத்தில், எல்லா இருக்கையையும் எல்லாப் பெட்டியையும் சேர்த்து ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். பெட்டி அடுத்த விமானத்தில் வரும் என்று கவுன்ட்டரில் சொல்லும் நிலைமை வந்தால் அது இந்தத் தாளில் விட்டுப்போன எடைதான்.

எத்தனை வகை விமானங்கள்

ஏடிஆரும் ஏ320-ம் இரண்டும் வேண்டும் என்று கணக்கு சொல்கிறது என்றால், ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இரண்டாவது வகையைச் சேர்ப்பதால் கூடும் செலவை அது சம்பாதிக்குமா? சிறிய விமானம் ஒன்றுக்கே ஐந்தாறு ஜோடி விமானிகள் தேவைப்படுவார்கள். ஏடிஆர் விமானி ஏ320-ஐ ஓட்ட முடியாது, அந்த வகைக்கென்றே தனித் தகுதி, அதாவது டைப் ரேட்டிங், வேண்டும். உதிரிபாகங்கள், கருவிகள், உரிமம் பெற்ற பொறியாளர்கள் எல்லாம் தனி. ஏ320-ம் ஏ321-ம் ஒரே ரேட்டிங்கில் வருவதால் அங்கே இந்தச் சுமை இல்லை. அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் 737 வகையை மட்டும் வைத்தே வளர்ந்தது. ஒரு விமானி வரவில்லை, ஒரு விமானம் பழுது என்றால் எதையும் எதற்கும் மாற்றிக்கொள்ளலாம். இண்டிகோவும் முதல் பத்தாண்டு ஏ320-ஐ விட்டு நகரவில்லை. ஏடிஆர் அவர்களிடம் வந்தது 2017-இல்தான்.

ஒன்றிரண்டு விமானங்களுக்காகப் புதிய வகை வேண்டாம் என்பது என் கருத்து. குறைந்தது பத்துப் பன்னிரண்டு விமானங்கள் வாங்கும் அளவுக்கு ஊர்களின் தாளில் வேலை இருந்தால் ஆரம்பியுங்கள். 2019-இல் விபத்துகளுக்குப் பிறகு 737 மேக்ஸ் விமானங்கள் உலகம் முழுக்கத் தரையில் நின்றபோது ஒரே வகையின் ஆபத்தும் தெரிந்தது. பெரிய நிறுவனம் அந்த ஆபத்துக்காக இரண்டு வகை வைத்துக்கொள்ளலாம், சிறிய நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது.

என்ஜினைத் தனியாக மதிப்பிடுங்கள்

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏ320நியோவுக்கு இரண்டு என்ஜின்கள் உண்டு: பிராட் அண்ட் விட்னியின் கியர் வைத்த என்ஜின், சிஎஃப்எம் நிறுவனத்தின் லீப். நியோ வகை பழைய ஏ320-ஐவிட சுமார் 15 சதவீதம் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்பதுதான் விற்பனை வாக்குறுதி. இண்டிகோவும் கோ ஃபர்ஸ்ட்டும் முதலில் எடுத்தது பிராட் என்ஜின். எரிபொருள் மிச்சமானது. ஆனால் என்ஜின்கள் எதிர்பார்த்த காலம் இறக்கையில் நிற்கவில்லை. 2019-இல் இண்டிகோ 280 விமானங்களுக்கு லீப் என்ஜின் ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில், பறந்துகொண்டிருந்த 97 விமானங்களின் பிராட் என்ஜின்களை மாற்றச் சொல்லி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட், என்ஜின் கிடைக்காததைக் காரணமாகச் சொல்லி, திவால் நடவடிக்கைக்கு மனுப் போட்டது. ஜூலையில் என்ஜின் வட்டுகள் செய்யும் உலோகத் தூளில் மாசு இருந்தது என்று வெளியே வந்தது. இண்டிகோவில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரே காலத்தில் நின்றன. லீப் என்ஜினும் நம் வெயிலிலும் தூசியிலும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்ததால், டர்பைன் பிளேடுகளைப் புதிதாக வடிவமைக்க வேண்டி வந்தது.

அதனால் எரிபொருள் சதவீதத்தோடு நிறுத்த வேண்டாம். உங்களைப் போன்ற சூடான, தூசி நிறைந்த ஊர்களில் ஓட்டுகிறவர்களிடம் போய், ஒரு என்ஜின் கழற்றும் முன் எத்தனை பயணம் போகிறது என்று கேளுங்கள். பணிமனைக்குப் போனால் திரும்பி வர எத்தனை நாள்? உதிரி என்ஜின் எத்தனை? பொதுவாகப் பத்து என்ஜினுக்கு ஒன்று என்று வைப்பார்கள், புதிய வகை என்றால் இன்னும் கூட்டி வையுங்கள். விமானம் நின்றால் தினமும் எவ்வளவு இழப்பீடு, எந்த நாளிலிருந்து? ஆண்டுக்கு 15 சதவீத எரிபொருள் மிச்சப்பட்டும், மூன்று மாதம் நின்றால் அந்த மிச்சம் லீஸ் வாடகைக்கே போய்விடும். இந்த வரியைத் தாளில் சேர்த்துப் பாருங்கள்.

விலையும் ஒப்பந்தமும்

ஏர்பஸ் கடைசியாகப் பொதுவில் விலைப் பட்டியல் வெளியிட்டது 2018-இல். அதில் ஏ320நியோ 11 கோடியே 6 லட்சம் டாலர். அந்த விலையைப் பெரிய வாடிக்கையாளர்கள் யாரும் கொடுப்பதில்லை, பாதி அளவுக்குக்கூடக் குறையும் என்பது தொழிலில் எல்லோரும் பேசுவது. தள்ளுபடி எவ்வளவு என்று மட்டும் பேரம் பேசுகிறவர்கள் பல விஷயங்களைக் கோட்டைவிடுவார்கள். விலை ஒப்பந்த நாளில் நிற்காது. கூலியும் மூலப்பொருளும் ஏறினால் டெலிவரி நாள்வரை அதுவும் ஏறும், அதற்கு உச்சவரம்பு கேளுங்கள். ஏ320-ஆக ஆர்டர் கொடுத்ததை ஏ321-ஆக மாற்றிக்கொள்ளும் உரிமை, டெலிவரியைத் தள்ளிப்போடும் உரிமை, தாமதமானால் இழப்பீடு, எரிபொருள் அளவுக்கு எழுத்துபூர்வ உத்தரவாதம் ஆகியவை எனக்குத் தள்ளுபடியைவிட முக்கியம்.

சிறிய நிறுவனம் லீஸுக்குத்தான் போகும். வாங்கினாலும் டெலிவரி அன்றே லீஸ் நிறுவனத்துக்கு விற்று அதையே வாடகைக்கு எடுப்பது இங்கே வழக்கம். ஏ320-இல் ஆறாம் ஆண்டும் பன்னிரண்டாம் ஆண்டும் பெரிய சோதனைகள் வரும். இண்டிகோ தொடக்கத்தில் ஆறு ஆண்டு லீஸ் போட்டு, அந்தச் செலவு வருவதற்குள் விமானத்தைத் திருப்பிக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்கும்போது விமானம் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்ற பக்கங்களை வழக்கறிஞரும் பராமரிப்புப் பொறியாளரும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கட்டும். வாடகை டாலரில், டிக்கெட் ரூபாயில் என்பதால் ரூபாய் 10 சதவீதம் சரிந்தால் என்ன ஆகும் என்ற பத்தியும் தாளில் வேண்டும்.

பழைய விமானச் சந்தையில் அதை யார் வாங்குவார் என்பதும் விலையில் அடக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கவிட்ட முதல் இரண்டு ஏ380-கள் பத்தாண்டில் திரும்பி வந்தபோது வேறு யாரும் எடுக்காமல், பிரான்ஸில் தார்ப் நகரில் பிரித்து உதிரிபாகங்களாக விற்றார்கள். ஏ320, 737, ஏடிஆர் எல்லாம் நூறு நிறுவனங்கள் ஓட்டுகிற வகைகள், ஒருவர் விட்டால் இன்னொருவர் எடுப்பார்.

கடைசியாக, தாளை முழுதாக நிரப்பியபின் எரிபொருள் விலையை 30 சதவீதம் ஏற்றுங்கள், பயணிகளை 15 சதவீதம் குறையுங்கள், டெலிவரியை ஓராண்டு தள்ளுங்கள். நியோ கேட்டால் பல ஆண்டு காத்திருக்க வேண்டிய காலம் இது. மூன்று சோதனையிலும் ஒரே விமானம் முன்னே நின்றால் அதன் பெயரை எழுதுங்கள். இரண்டு விமானங்கள் நூல் இடைவெளியில் நின்றால் நான் சிறியதைத்தான் எடுப்பேன். அது நிரம்பி வழிந்தால் அடுத்த ஆண்டு இன்னொன்று லீஸுக்கு எடுக்கலாம். பெரியது காலியாகப் பறந்தால் ஒப்பந்தம் முடியும்வரை மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும்.